குறைவாக ஓடிய வண்டி

பழைய கார் வாங்கப் புறப்படும் எவருக்கும் நெல்லிக்குப்பம் வழங்கும் முதல் அறிவுரை, “நெய்வேலி வண்டியாப் பாருங்க” என்பதுதான். தேநீர்க் கடையில் சொல்வார்கள், முடிதிருத்துமிடத்தில் சொல்வார்கள், வாழ்நாளில் காரே வாங்கியிராத ஒன்றுவிட்ட சித்தப்பாவும் சொல்வார். நகரியத்தில் சாலைகள் அகலம். வண்டியை நிறுத்த மரநிழல் உண்டு. வைத்திருப்பவர் பெரும்பாலும் நிறுவன அலுவலர். வீட்டிலிருந்து சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ போய்வருவதோடு சரி. ஆகவே ஓட்டம் குறைவு. ஓட்டம் குறைவென்றால் தேய்மானம் குறைவு. தேய்மானம் குறைவென்றால் வண்டி புதிது. இந்தத் தருக்கத்தில் எங்கள் ஊருக்கு ஐயமே கிடையாது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நாங்களும் அங்கிருந்தே தேடத் தொடங்கினோம்.

(வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சொல். நெல்லிக்குப்பமும் நெய்வேலியும் ஒன்றல்ல. இரண்டும் கடலூர் மாவட்டத்தில் இருக்கின்றன, இரண்டும் ‘நெ’யில் தொடங்குகின்றன, அவ்வளவே ஒற்றுமை. எங்களுடையது கரும்பு ஊர். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலையை 1842-இல் இங்கே நிறுவியதாகப் பாரி நிறுவனம் தன் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறது. நெய்வேலியோ பழுப்பு நிலக்கரி ஊர்; 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் கோடு போட்டுக் கட்டிய நகரியம். நடுவே பண்ருட்டியின் பலாவும் முந்திரியும்.)

எங்களுக்குக் கார் தேவைப்பட்ட காரணம் அம்மா. நாங்கள் என்றால் ஒரே வாசலில் புழங்கும் அண்ணன் தம்பி இரு குடும்பங்கள். அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வீட்டிலிருந்து கடலூர் வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஒருமுறை தவறினால் கால் வீங்கும்; தொடர்ந்து தவறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். ஆகவே ‘நம்பகமான வண்டி’ என்ற தொடருக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான். செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அது கிளம்ப வேண்டும். வழியில் நிற்கக் கூடாது.

சிறிய காராக இருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும். ஆனால் அம்மாவின் முழங்கால் தாழ்ந்த இருக்கைக்குள் மடங்குவதில்லை. உள்ளே உட்கார்த்துவதற்கு ஒருவர், வெளியே இழுப்பதற்கு இருவர் என்றாகிவிடும். பெரிய எஸ்.யூ.வி.யில் படியேறவேண்டும், அதுவும் இயலாது. இடுப்பின் உயரத்திலேயே இருக்கை அமைந்து, திரும்பி உட்கார்ந்தால் போதும் என்றிருப்பது ‘காம்பாக்ட் எஸ்.யூ.வி.’ எனப்படும் இந்த இடைப்பட்ட சாதிதான். விளம்பரங்களில் இவ்வண்டிகள் மலையுச்சியில் நிற்கின்றன. உண்மையில் இவற்றை வாங்க வைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் முழங்கால் என்பது எங்கள் துணிபு.

இந்தச் சாதி உண்டான கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. பழுதுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. மத்திய அரசின் 2006-07 வரவு செலவுத் திட்டம், சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. சிறிய கார் என்பதற்கு இலக்கணமும் வகுத்தது: நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது, பெட்ரோல் இயந்திரமானால் 1,200 சி.சி.க்குள், டீசலானால் 1,500 சி.சி.க்குள் அடங்கவேண்டும். பெரிய வண்டியின் தோற்றத்தை அந்த வேலிக்குள் எப்படித் திணிப்பது என்பதே பிறகு எல்லா நிறுவனங்களுக்கும் புதிராயிற்று. 2013-இல் மறைமலைநகரிலிருந்து வெளிவந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். 2016-இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 3,995. ஒற்றை மில்லிமீட்டரை மிச்சம் வைத்த அந்தச் சிக்கனத்தை எண்ணி நாங்கள் சிரித்ததுண்டு. 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரியைத் திருத்தியபோதும் வேலி அதே இடத்தில்தான் நின்றது. உள்ளே இருப்பவற்றுக்கு 18 விழுக்காடு, வெளியே இருப்பவற்றுக்கு 40.

தோற்றம் பெரிது; எலும்பு சிறிது. எக்கோஸ்போர்ட் ஃபியஸ்டா என்ற சிறிய காரின் அடித்தளத்தில் எழுந்தது. நீளத்தில் வேலியைத் தாண்டியதாயினும் இதே கூட்டத்தில் சேர்த்துப் பேசப்படும் ரெனோ டஸ்டர் (2012, ஓரகடம்), லோகன் காரின் அடித்தளத்தில் எழுந்தது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் வாங்குகிறவர் இதை ஜீப்பாகவே நினைத்துக்கொள்கிறார். தரையிலிருந்து உயரமாக இருக்கிறதே என்று வேகத்தடையில் பிரேக்கைத் தொடுவதில்லை. பள்ளத்தைச் சுற்றிப் போவதில்லை. அந்த அடியையெல்லாம் வாங்கிக்கொள்வது கீழே இருக்கும் ரப்பர் புஷ்களும், விரல் பருமனுள்ள லிங்க் ராடுகளும், வீல் பேரிங்கும்தான். பழைய காம்பாக்ட் எஸ்.யூ.வி. எதை ஓட்டிப் பார்த்தாலும் முன்பக்கத்திலிருந்து ‘டொக்கு டொக்கு’ என்று ஓர் ஓசை கேட்பது இதனால்தான். இது செலவே தவிர ஆபத்தில்லை. கவலைப்பட வேண்டியவை வேறு.

நிற்க. நாங்கள் பார்த்த முதல் வண்டி நெய்வேலி நகரியத்தில் ஒரு வட்டத்தில், வேப்பமரத்தடியில், உறை போட்டு நின்றிருந்தது. 2020-இல் வாங்கிய டீசல் வண்டி. நான்கு ஆண்டுகளில் ஓடியது 19,000 கிலோமீட்டருக்கும் குறைவு. உரிமையாளர் ஓய்வுபெற்ற பொறியாளர், மரியாதையான மனிதர். காபி கொடுத்தார், பழுதுபார்த்த ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோப்பிலிட்டு வைத்திருந்தார். கீறல் இல்லை, கறை இல்லை. எங்கள் கைப்பணத்துக்கு மேல் ஒன்றரை லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். வாங்கலாம் என்றே தோன்றியது.

எங்களோடு வந்திருந்தவர் பண்ருட்டிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். ஊரே அவரைப் ‘பாய்’ என்றழைக்கும், நாங்களும் அப்படியே. அவர் வண்டியின் அழகைப் பார்க்கவில்லை. முன்மூடியைத் திறந்து ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தார். குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்கு எண்ணெய் ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார். டீசல் வாடை.

“எண்ணெய் குறைஞ்சா எல்லாரும் பயப்படுவாங்க சார். ஏறினாத்தான் பயப்படணும்.”

அவர் திரும்பி வரும் வழியில் விளக்கியதையும், பின்னர் நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறோம். 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதியின்கீழ் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி பொருத்தப்படுகிறது. பிடித்துவைத்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை வெப்பம் தேவை. அந்த வெப்பம் வருவதற்கு வண்டி நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிடமாவது நிற்காமல் ஓடவேண்டும். புகையைச் சூடேற்ற இயந்திரம் வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் டீசலையும் பிந்திய கட்டத்தில் பீய்ச்சும். நகரிய வண்டியோ மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடுகிறது. எரிப்பு தொடங்கும், முடிவதற்குள் வீடு வந்துவிடும். அடுத்த நாள் மறுபடியும் தொடங்கும், மறுபடியும் நிற்கும். எரியாத டீசல் உருளையின் சுவர் வழியே வழிந்து அடித்தொட்டியிலுள்ள எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் அளவில் கூடுகிறது; குணத்தில் நீர்த்துப்போகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலவல்ல டர்போவின் தண்டு அந்த நீர்த்த எண்ணெயை நம்பித்தான் சுற்றுகிறது.

ஆக, ஊர் எதை நற்சான்றாகக் கருதியதோ அதுவே நோயின் காரணம். அவர் வண்டியைக் கெடுக்கவில்லை. கண்போலக் காத்தார், ஓட்டத்தான் இல்லை. அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. “தம்பி, இது இருபதாயிரம்கூட ஓடாத வண்டி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை வற்புறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. (எந்த நிறுவனத்தின் வண்டி என்று கேட்காதீர்கள். இவ்வகை வடிகட்டி உள்ள எந்த டீசல் வண்டியையும் இப்படி வைத்திருந்தால் இதே நிலைதான்.)

அன்று தொடங்கி எங்கள் கண்கள் மாறின. கிலோமீட்டரைக் காட்டும் எண்ணைவிடக் காலத்தைக் காட்டும் எண்களைத் தேடலானோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். 3418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் பிறந்த டயர். ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். கண்ணாடியின் மூலையில் ஆண்டைக் குறிக்கும் அடையாளம் உண்டு; எல்லாக் கண்ணாடியும் ஓர் ஆண்டைச் சொல்ல ஒன்று மட்டும் வேறு ஆண்டைச் சொன்னால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது டைமிங் பெல்ட். சில டீசல் வண்டிகளில், டஸ்டரில் இருப்பதுபோல, வால்வுகளை இயக்குவது ரப்பர் பட்டை. சிலவற்றில், பழைய டீசல் பிரெஸ்ஸாவில் இருந்ததுபோல, சங்கிலி. பட்டைக்கு இரண்டு ஆயுட்காலங்கள் உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டுகள், எது முந்துகிறதோ அது. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று மாற்றாமல் விடுபவர்களே மிகுதி. பட்டை அறுந்தால் மேலெழும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதும். இயந்திரத்தின் தலையையே கழற்றவேண்டி வரும். முன்னறிவிப்பு இராது. ஓடிக்கொண்டிருக்கும், பிறகு ஓடாது.

டீசலே வேண்டாம், பெட்ரோலில் பார்க்கலாம் என்றொரு யோசனையும் வீட்டில் எழுந்தது. அங்கே வேறு கணக்கு. இப்போது விற்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதில் ஒரு பகுதி கரும்பிலிருந்து வருகிறது. எங்கள் ஊர் ஆலையிலும் வடிசாலை உண்டு. எங்கள் மாவட்டத்துக் கரும்பே நீர்மமாகி எங்கள் வண்டிக்குள் திரும்பி வரலாம் என்பதில் ஒரு கிராமத்துப் பெருமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2023-க்கு முன் உருவான வண்டிகளில் பல, பத்து விழுக்காட்டு எத்தனாலைக் கருதி அமைக்கப்பட்டவை. அத்தகைய நான்குசக்கர வண்டிகளில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே கணித்தது. சிக்கனத்தைவிட எங்களைத் தயங்க வைத்தது ரப்பர்தான். எத்தனால் பழைய குழாய்களையும் வாஷர்களையும் மெல்ல அரிக்கவல்லது. காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சும். வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியின் தொட்டியில் அந்த ஈரம் தங்கும். குறைவாக ஓடிய பெட்ரோல் வண்டி என்றால் இதையும் சேர்த்தே விலை பேசவேண்டும்.

இருந்தும் ஒரு பெட்ரோல் வண்டியைப் பார்க்கப் போனோம். சென்னையிலிருந்து வந்தது, கடலூரில் ஒரு தரகரிடம் நின்றது. 2019-ஆம் ஆண்டுத் தானியங்கி கியர், சந்தை விலையைவிட எண்பதாயிரம் குறைவு. உள்ளே நுழைந்ததும் நறுமணத் திரவியம் மூக்கைத் துளைத்தது. பாய் பேசாமல் ஓட்டுநர் இருக்கையின் பாதுகாப்புப் பட்டையைக் கடைசிவரை இழுத்தார். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. ஆகவே யாரும் அதைக் கழுவுவதுமில்லை. சுருளின் கடைசி முழத்தில் மண்ணிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தது. இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு. பின்பக்கம் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கினால் கிண்ணத்தின் மூலையில் காய்ந்த வண்டல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த நாட்களில் இது எங்கே நின்றிருந்தது என்று கேட்டோம். தரகருக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றிக் கடலூர் மாவட்டத்தார்க்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 2015-இன் நவம்பரும் டிசம்பரும் எங்களுக்கு மறக்கவில்லை. அத்தகைய வண்டி உடனே நிற்காது. அதுதான் அதன் கொடுமை. தண்ணீர் வடிந்து, இருக்கைகள் உலர்ந்து, மெருகேறி, நன்றாகவே ஓடும். ஓராண்டுக்குப் பிறகு மின்கம்பி இணைப்புகளின் பித்தளை முனைகளில் பச்சை பூக்கும். ஒரு நாள் கண்ணாடி இறங்காது. மறுநாள் காற்றுப்பை விளக்கு எரியும். மூன்றாம் நாள் கிளம்பாது, நான்காம் நாள் தானாகவே கிளம்பும். எந்தப் பட்டறையிலும் காரணம் அகப்படாது. இந்நோய்க்கு மருந்து கிடையாது என்றே சொல்லவேண்டும். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் எவ்வளவு மலிவானாலும் இதன் பக்கம் போகலாகாது.

மூன்றாவது வண்டியைப் பார்த்ததும் வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். 2017-ஆம் ஆண்டு டீசல், பழைய பி.எஸ். 4 வகை, மேற்சொன்ன வடிகட்டித் தொல்லை இல்லாதது. ஓட்டம் 94,000 கிலோமீட்டர். மருந்து நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் விழுப்புரத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே வாரந்தோறும் ஓட்டியது. விக்கிரவாண்டி–தஞ்சை நெடுஞ்சாலையை நான்கு வழியாக்குகிறோம் என்று ஆண்டுக்கணக்கில் தோண்டிப் போட்டிருந்த காலமெல்லாம் அது அந்தப் பள்ளங்களில் புழங்கியிருக்கிறது. கதவில் கீறல்கள், ஸ்டியரிங் தோல் வழுவழுப்பு, பின்னிருக்கையில் மருந்துப் பெட்டிகள் அழுத்திய தடம். ஆனால் ஆயில் குச்சி சரியான கோட்டில் நின்றது. குளிர்ந்த இயந்திரம் முதல் திருகலிலேயே பிடித்தது. புகைக்குழாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தபோது படிந்த கரி இயல்பான அளவே. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருந்தன. ரசீதிலிருந்த எண்களும் மீட்டரின் எண்ணும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. நிலையான வேகத்தில், சூடான இயந்திரத்தோடு, நெடுந்தூரம் ஓடிய வண்டி. உள்ளுறுப்புகள் நலமாகவும் கைகால்கள் தேய்ந்தும் இருக்கும் உழவனைப்போல் அது நின்றது. ஆடி கழியட்டும் என்று அம்மா சொன்னதால் ஆவணியில் எடுத்தோம்.

விலை போக மிச்சத்தில் 60,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருந்தோம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கையிலுள்ளதையெல்லாம் விலையாகவே கொடுத்துவிடுவதுதான் பாதித் துன்பங்களுக்குக் காரணம். முதல் வாரத்திலேயே டைமிங் பெல்ட், அதன் உருளைகள், அதனோடு சுற்றும் தண்ணீர் பம்ப் ஆகியவற்றை மாற்றினோம். பழைய பட்டையைப் பாய் கையில் மடக்கிக் காட்டினார். பல்லிடுக்குகளில் மயிரிழைபோல வெடிப்புகள். லோயர் ஆர்ம் புஷ் நான்கும், லிங்க் ராடுகள் இரண்டும் அடுத்து. மூன்றாம் மாதம் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து விமானம் தொலைவில் பறப்பது போன்ற ஒலி. வேகம் கூடக் கூட ஒலியும் கூடிற்று. அது வீல் பேரிங். நான்காம் மாதம் ஏ.சி. குளிரவில்லை. கூலிங் காயிலில் நுண்துளை. அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினார்கள். உதிரியின் விலையைவிடக் கூலி மிகுதி. இவற்றில் எதுவும் எங்களை வழியில் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் ஓசையாலோ வாடையாலோ முன்கூட்டிச் சொல்லிவிட்டே வந்தது. நோயாளியைச் சுமக்கும் வண்டியில் செலவு வைக்கும் பழுதையும் நிறுத்திவிடும் பழுதையும் பிரித்தறிவது முக்கியம். இரண்டாவதற்கு முதலில் பணம் ஒதுக்கினோம்.

எந்தப் புத்தகமும் எச்சரிக்காத ஒன்று வழியில் நிறுத்தியது. அது எலி.

அரவைப் பருவத்தில் எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிராக்டர்களும் லாரிகளும் சாலையின் அகலத்துக்கும் அகலமாகக் கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலையை நோக்கி ஊரும். வழியெங்கும் சோகை உதிரும். அந்தச் சோகை, நிறுத்தியிருக்கும் வண்டிகளின் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் விழுந்து மழைநீர் வடியும் துளையை அடைக்கும். நீர் தேங்கி உள்ளே இறங்கும். இது சிறிய தொல்லை, மாதம் ஒருமுறை கையால் வாரிவிட்டால் தீர்ந்தது. பெரிய தொல்லை, வெட்டிய வயல்களிலிருந்து குடிபெயரும் எலிகள். அவற்றுக்கு இருட்டும் கதகதப்பும் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வந்து நின்ற டீசல் வண்டியின் முன்மூடிக்குள் இரண்டும் உண்டு.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. வரக்கால்பட்டைத் தாண்டியதும் இயந்திர விளக்கு எரிந்தது. வண்டி நாற்பதுக்கு மேல் போக மறுத்தது. தனக்கு ஆபத்து என்று உணர்ந்தால் இயந்திரம் இப்படித் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். சற்றுத் தொலைவில் அணைந்தே போயிற்று. மணி ஐந்தே முக்கால், பனி. பின்னிருக்கையில் அம்மா போர்வைக்குள். பாய் டி.வி.எஸ். 50-இல் இன்சுலேஷன் டேப்பும் கைவிளக்குமாக வந்தார். இயந்திரத்தின் பின்புறம், கை நுழையாத இடத்தில், உணரிக்குப் போகும் மூன்று கம்பிகளைக் கத்தரித்ததுபோல் கடித்து வைத்திருந்தது. பக்கத்தில் சிறு கூடு. சோகை, பஞ்சு, எங்கள் வீட்டுப் பலசரக்குக் காகிதம்கூட இருந்தது.

“சோறு வெச்சாத் திங்காது, இந்தக் கம்பியத் திங்குது பாரு” என்றார் அம்மா. அவர் குரல் ஏற்கெனவே சற்று இளைத்திருந்தது.

ஒட்டி முடிக்க ஐம்பது நிமிடம். மருத்துவமனையை அடைந்தபோது எங்கள் முறையின் பாதி கடந்துவிட்டது. அடுத்த நோயாளி காத்திருந்ததால் அன்று நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரமே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா படுத்து உறங்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நாங்களும் உடனிருந்தோம். அந்த மூன்று கம்பிகளின் விலை முப்பது ரூபாய்கூட இராது.

அதன்பின் ஊரிலுள்ள எல்லா வைத்தியமும் செய்து பார்த்தாயிற்று. புகையிலைக் காம்பு, நாப்தலின் உருண்டை, பினாயில், கடையில் விற்கும் தெளிப்பான். ஒவ்வொன்றும் பத்து நாள் வேலை செய்யும். பிறகு எலிக்குப் பழகிவிடும். நிலைத்துப் பயன் தந்தவை மூன்றே. கீழிருந்து ஏறும் வழிகளில் எஃகு வலை கட்டியது. வைக்கோற்போருக்கு அருகிலிருந்து வண்டியை இடம் மாற்றியது. இரவில் முன்மூடியைச் சற்றே திறந்து உள்ளே ஒரு சிறு விளக்கை எரியவிட்டது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் முந்தைய இரவு பத்து மணிக்கு ஒருமுறை வண்டியைக் கிளப்பிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று. பழுது இருந்தால் இரவிலேயே தெரியட்டும். வாடகை வண்டிக்குச் சொல்லிவைக்க நேரம் கிடைக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகியபோது வண்டியை முதல் நாளே மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டதும் இந்தக் கணக்கில்தான்.

உதிரிப் பாகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் 2022-இல் வெளியேறிற்று. அறிவித்த மறுவாரமே அவ்வண்டிகளின் மறுவிற்பனை விலை சரிந்தது. உதிரிப் பாகமும் பராமரிப்பும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. இத்தகைய வண்டியை மலிவாக வாங்குகிறவர்கள் வாங்குமுன் பட்டறையில் கேட்டுக்கொள்வது நல்லது: எண்ணெய் வடிகட்டி எளிதில் கிடைக்கும், கதவும் விளக்கும் கிடைக்குமா, எத்தனை நாளில்? விபத்தில் உடையும் பாகங்கள்தான் முதலில் அரிதாகின்றன.

இன்னொன்று, பலரும் கருதாதது. குறைபாடு கண்டு நிறுவனங்களே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதுண்டு. 2016-இல் எரிபொருள் குழாய், பின்னிருக்கைப் போல்ட் ஆகியவற்றுக்காக ஏறத்தாழ 48,700 எக்கோஸ்போர்ட்டுகள் அவ்வாறு அழைக்கப்பட்டன. கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போகும். அவர் வண்டியை விற்றிருப்பார், வீடு மாறியிருப்பார். இரண்டாம், மூன்றாம் கைக்கு வந்தவருக்குத் தன் வண்டியில் அப்படியொரு வேலை பாக்கி இருப்பதே தெரியாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து எந்த நிறுவனத்தின் பட்டறையிலும் இதை இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வண்டிக்குப் பார்த்தோம். பாக்கி ஒன்றுமில்லை என்றார்கள்.

இதை எழுதும்போது மீட்டர் 1,31,000-த்தைத் தாண்டியிருக்கிறது. கிளட்ச் சில வாரங்களாகக் கனக்கிறது. மேட்டில் ஏறும்போது இயந்திரம் கூச்சலிடுகிறது, வேகம் கூடுவதில்லை. பிளேட் தேய்ந்துவிட்டது, இரண்டு நாள் வேலை என்கிறார் பாய். வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துவந்து வீட்டில் இறக்கியதும் மாலையே பட்டறையில் விட்டுவிட்டால், ஞாயிறு இரவுக்குள் கோத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கள் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும். உதிரி நேற்றுச் சென்னையிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்துவிட்டது.